மிச்சம் வைத்த அரை பாட்டில்

வில்லியனூர் என்றதும் சிலருக்குத் திருக்காமீசுவரர் கோவில் தேர் ஞாபகத்துக்கு வரும். சிலருக்கு லூர்து மாதா கோவில். வீட்டில் கொலு வைக்கிறவர்களுக்கு அந்த ஊர்ச் சுடுமண் பொம்மைகள். பாகூர் என்றாலோ ஏரியும், அதன் கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடக்கும் நெல் வயல்களுந்தான். பல்லவ அரசன் நிருபதுங்கன் காலத்தில் பாகூரில் ஒரு பெரிய கல்விச்சாலை நடந்ததாகவும், அதற்கு மூன்று கிராமங்களை மானியமாக விட்டதாகவும் செப்பேடு ஒன்று சொல்லுகிறது. இன்று இரண்டும் புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்கள். 'கொம்யூன்' என்ற சொல், பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறும்போது மறந்து விட்டுப் போன சாமான்களில் ஒன்று.

இத்தனை பீடிகை போட்டுவிட்டு நாம் பேசப் போகிற விஷயம் தேரும் அல்ல, செப்பேடும் அல்ல, குழந்தைகளின் சிறுநீர்! முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. நீங்கள் சென்னையிலோ மதுரையிலோ இருந்தாலும், உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவில் பாதி தீர்ந்த மருந்து பாட்டில் ஒன்று நின்றுகொண்டிருந்தால், இந்த விஷயம் உங்களுடையதுதான்.

பாகூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 10 மாதப் பெண் குழந்தை. இரண்டு நாளாக ஜுரம். சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. பால் குடிக்க மறுக்கிறது, குடித்ததைக் கக்குகிறது. "பல் முளைக்கிற ஜுரம்" என்கிறாள் பாட்டி. "மாந்தம்" என்கிறாள் எதிர்வீட்டு அத்தை. "நேத்துக் கல்யாணத்துக்குத் தூக்கிட்டுப் போனியே, திருஷ்டிதான்" என்கிறாள் நாத்தனார். மிளகாய் சுற்றிப் போட்டாகிறது. ஜுரம் இறங்கவில்லை.

அதே வீட்டில் ஐந்து வயது அக்கா ஒருத்தி. சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று அழுகிறாள். அடிக்கடி ஓடுகிறாள், வருவதோ சொட்டுச் சொட்டாக. படுக்கையை நனைப்பதை நிறுத்தி இரண்டு வருஷமானவள் மறுபடி நனைக்கிறாள். அதற்கு வீட்டில் ஒரே பதில்தான்: "சூடு!" கால் கட்டை விரலில் சுண்ணாம்பு, தொப்புளில் விளக்கெண்ணெய், இளநீர், நீர்மோர். வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்து வருகிற நீர்க்கடுப்பு இளநீரிலும் மோரிலும் தணிவது உண்டு; அதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஜுரத்தோடு வருகிற எரிச்சல் சூடு அல்ல. பெரும்பாலும் அது கிருமி.

யார் இந்தக் கிருமி? நம் எல்லோருடைய குடலிலும் குடித்தனம் நடத்துகிற ஒன்றுதான். 1885-ல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை வைத்தியர், பச்சைக் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது இதைக் கண்டுபிடித்தார். அவர் பெயரை வைத்தே இதற்கு 'எஷரிக்கியா கோலை' என்று நாமகரணம் ஆயிற்று. டாக்டர்கள் செல்லமாக 'ஈ கோலை' என்பார்கள். குடலில் இருக்கிற வரையில் பரம சாது. இரண்டு விரற்கடை தூரம் இடம் மாறிச் சிறுநீர்ப் பாதையில் ஏறிவிட்டால் வேறு முகம் காட்டுகிறது. பெண் குழந்தைக்கு அந்தப் பாதை குட்டையானது. ஆகவே ஏறுவது சுலபம். ஸ்வீடன் தேசத்தில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஏழு வயதுக்குள் நூறு பெண் குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேருக்கும், நூறு ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 2 பேருக்கும் இந்த உபாதை வந்திருந்தது. பிறந்த முதல் சில மாதங்களில் மட்டும் ஆண் குழந்தைகளுக்கு அதிகம்.

கிருமி சிறுநீர்ப் பையோடு நின்றால் எரிச்சலோடு போகும். மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டால்தான் அந்த விளக்கமில்லாத ஜுரம். அங்கே புண்ணாகி ஆறினால் தழும்பு விழலாம். தழும்பு மிகுந்த சிறுநீரகம் பிற்காலத்தில் ரத்த அழுத்தத்துக்கும், பிரசவ காலத்துச் சிக்கல்களுக்கும் வித்தாகிறது. சீக்கிரமாகச் சரியான மருந்து போய்ச் சேர்ந்தால் பெரும்பாலான குழந்தைகள் சுத்தமாகக் குணமடைந்துவிடுவார்கள். 'சரியான மருந்து' என்பதில்தான் இப்போது சங்கடம் வந்திருக்கிறது.

சங்கடத்தின் மூலத்தைத் தேடிக்கொண்டு நாம் ஆறு மாதம் பின்னால் போக வேண்டும். அப்போது அதே வீட்டில், வேறொரு சந்தர்ப்பத்தில், ஐந்து வயதுக்காரிக்குச் சளி. தாயார் நடவு வேலைக்குப் போகிறவள். கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் வரிசை நிற்க முடியாது. முக்குக் கடையோ கூப்பிடு தூரத்தில்.

"அண்ணே, பிள்ளைக்குச் சளி. போன தடவை குடுத்தீங்களே, பொடியில தண்ணி ஊத்திக் கலக்குற மருந்து, அதையே குடுங்க."

"என்னா வயசும்மா?"

"அஞ்சு ஆவுது."

"காலையில ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி."

கவனித்தீர்களா? குழந்தையின் எடையை யாரும் கேட்கவில்லை. இந்த மருந்துகளின் அளவு எடையைப் பொறுத்தது, வயதைப் பொறுத்ததல்ல. மூன்று நாளில் மூக்கு ஒழுகல் குறைந்தது. மீதி அரை பாட்டில், அடுத்த தடவைக்கு ஆகட்டும் என்று பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டது. நம் வீட்டுப் பெண்களின் சிக்கனம் உலகப் பிரசித்தமாயிற்றே! ஆனால் கலக்கிய மருந்து ரகத்தைப் பொறுத்து 7 அல்லது 14 நாளுக்கு மேல் உதவாது என்று அட்டைப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். அதற்குப் பிறகு அது மருந்தல்ல, இனிப்புத் தண்ணீர். அதிலும் மோசம், வீரியம் குறைந்த மருந்து.

இதில் இன்னொரு வேடிக்கை. சாதாரணச் சளியும் இருமலும் வைரஸ் என்ற வேறு ஜாதியால் வருகிறவை. ஆன்டிபயாடிக் எனப்படும் கிருமிக்கொல்லி மருந்துகள் வைரஸின் மேல் ஒரு கீறல்கூடப் போடுவதில்லை. சளி தானாகவே போயிற்று. பெயர் மட்டும் பாட்டிலுக்கு.

சளிக்கு ஒன்றும் செய்யாத மருந்து, சும்மா வெளியே போயிருந்தால் பரவாயில்லை. போகிற வழியில் குடலுக்குள் நுழைந்து அங்கேயுள்ள கோடிக்கணக்கான சாதுக் கிருமிகளை அடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. பாகூர் விவசாயிக்கு இந்த விஷயத்தை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே பூச்சி மருந்தைப் போகத்துக்குப் போகம் அடித்தால், சாகாமல் தப்பிய நாலு பூச்சி பெருகிப் பெருகி, மூன்றாம் வருஷம் மருந்தையே மதிக்காமல் பயிரைத் தின்னும். குடலிலும் அதே கதைதான். தப்பிப் பிழைத்த கிருமிக்குப் போட்டியில்லை, இடம் தாராளம். சௌகரியமான சூழ்நிலையில் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகக் கூடியது அது. ஆக, சளி மருந்து முடிந்த பிறகு குழந்தை வெளிப்பார்வைக்குச் சௌக்கியமாக ஓடியாடுகிறது. உள்ளேயோ மருந்துக்கு மசியாத குடிகள் அதிகமாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் ஏறுகிறது.

இதை வெறும் யூகமென்று தள்ளிவிட முடியாது. 58 ஆராய்ச்சிகளைத் திரட்டி, 77,000-க்கு மேற்பட்ட கிருமி மாதிரிகளைக் கணக்கிட்டு, 2016-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு கட்டுரை வெளியிட்டது. விஷயம் முழுக்க முழுக்கக் குழந்தைகளின் சிறுநீர்க் கிருமி பற்றியது. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட குழந்தைக்கு, அதன் பிறகு ஆறு மாதம் வரையில்கூட, மருந்துக்கு மசியாத கிருமி இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று அது கண்டது. மருந்து சாப்பிட்ட முதல் மாதத்தில் அந்த வாய்ப்பு மிக மிக அதிகம். பணக்கார தேசங்களில் ஆம்பிசிலின் மருந்துக்கு மசியாத கிருமி நூற்றுக்கு 53. மற்ற தேசங்களில் நூற்றுக்கு 80. சிப்ரோஃப்ளாக்சசின் விஷயத்தில் அங்கே நூற்றுக்கு 2, மற்ற தேசங்களில் 27. மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் மருந்து கிடைப்பது இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாமென்று கட்டுரைக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். நம்முடைய முக்குக் கடையைத்தான் லண்டனிலிருந்து சுட்டிக்காட்டுகிறார்கள்!

இங்கே ஒரு சொல் பலரைக் குழப்புகிறது. 'எதிர்ப்புச் சக்தி' என்று கேட்டதும், "குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி வந்தால் நல்லதுதானே?" என்பார்கள். நல்லதுதான், அது குழந்தையின் சக்தி. நாம் சொல்வது கிருமியின் சக்தி. மருந்து பழகிப்போனது குழந்தையின் உடம்புக்கு அல்ல. ஆகையால் அக்காளுக்குக் கொடுத்த மருந்தின் பலனைத் தங்கை அனுபவிக்க நேரலாம். ஒரு வீட்டுக்குள் குடல் கிருமிகள் கைமாறிக்கொண்டுதானே இருக்கின்றன?

கைமாறுவதில் இந்தக் கிருமிகளின் சாமர்த்தியத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஜப்பானில் யுத்தத்துக்குப் பிறகு சீதபேதி பரவியபோது, ஒரே சமயத்தில் பல மருந்துகளுக்கு மசியாத கிருமிகள் கிளம்பின. டாக்டர்கள் விழித்தார்கள். 1959-ல் அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மர்மத்தை உடைத்தார்கள்: மருந்திலிருந்து தப்பும் வித்தையை ஒரு கிருமி இன்னொரு ஜாதிக் கிருமிக்கு அப்படியே கொடுத்துவிடுகிறது! மாவடுவுக்குப் பக்குவம் எழுதிய சீட்டைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுப்பது போலத்தான். சீட்டு ஒன்று, அதில் நாலைந்து மருந்துகளின் பெயர் சேர்ந்தே எழுதியிருக்கலாம். அதனால்தான் ஒரு மருந்துக்கு மசியாத கிருமி, தான் பார்த்தே இராத வேறு மருந்துக்கும் மசிய மறுக்கிறது.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங்குக்கு இதெல்லாம் முன்பே தோன்றிவிட்டது. 1945 டிசம்பரில் நோபல் பரிசு வாங்கிக்கொண்டு பேசியபோது, தம் மருந்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வதற்குப் பதிலாக ஒரு சோகக் கதை சொன்னார். ஒருவனுக்குத் தொண்டை வலி. தானாகவே பென்சிலின் வாங்கிப் போதிய அளவில்லாமல் சாப்பிடுகிறான். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பாடம் படித்துக்கொண்டது. அவனிடமிருந்து மனைவிக்குத் தொற்றி அவளுக்கு நிமோனியா. பென்சிலின் கொடுக்கிறார்கள், கேட்கவில்லை. அவள் இறந்துபோகிறாள். தப்புச் செய்தது கணவன், போய்ச் சேர்ந்தது மனைவி! கதையில்கூட நம்மவர்களுக்குத்தான் அந்த வேஷம்.

மருந்து கேட்காமல் போனால் பாகூர்க் குழந்தைக்கு என்ன ஆகும்? வாய்வழி மருந்தில் தீர வேண்டிய வியாதிக்கு ஊசி தேவைப்படும். நாள்தோறும் ஊசிக்கு அலைய வேண்டும், அல்லது வார்டில் படுக்க வேண்டும். கூடவே தாயாரும் இருந்தாக வேண்டும். அத்தனை நாள் கூலி போயிற்று. வீட்டிலிருக்கும் மற்றக் குழந்தைகளைப் பார்க்க ஆள் தேட வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்து இலவசமானாலும் பஸ்ஸும் சாப்பாடும் இலவசமல்ல. சளிக்கு வாங்கிய பாட்டிலின் விலையை இதோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

ஊசி மருந்துகளும் என்றைக்கும் கைகொடுக்கும் என்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகளில் வருஷந்தோறும் கணக்கெடுக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் அதில் ஒரு முக்கியக் கேந்திரம். இமிபெனம் என்பது கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் ஊசி மருந்து. அதற்கு மசியாத ஈ கோலை கிருமி 2016-ல் நூற்றுக்கு 14 ஆக இருந்தது, 2021-ல் 36. இது எல்லா வயது நோயாளிகளும், அதுவும் கடும் நோயாளிகள் நிறைந்த பெரிய ஆஸ்பத்திரிக் கணக்கு. கிராமத்துக் குழந்தைகளின் நிலைமை இவ்வளவு மோசமென்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று தெரிகிறதல்லவா?

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 1953-ல் புழக்கத்துக்கு வந்த நைட்ரோஃபுரன்டாயின் என்ற பழைய மருந்து, புது மருந்துகள் பல தோற்ற இடத்தில் இன்னும் வேலை செய்கிறது. பாட்டி காலத்துப் பித்தளை அண்டா மாதிரி! ஆனால் அது சிறுநீர்ப் பையோடு நிற்கிற தொந்தரவுக்குத்தான். ஜுரத்தோடு சிறுநீரகம் வரை ஏறிய வியாதிக்கு உதவாது. எது பை, எது சிறுநீரகம் என்று தீர்மானிக்க டாக்டர் வேண்டும்.

டாக்டருக்கும் ஒரு சாட்சி வேண்டும். அதுதான் 'யூரின் கல்சர்'. குழந்தையின் சிறுநீரைக் கிருமி வளரும் தட்டில் விட்டு ஒன்றிரண்டு நாள் வைத்தால், எந்தக் கிருமி என்பது தெரியும்; மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன் மேல் வைத்தால், எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒதுங்குகிறது என்பதும் தெரியும். மிகவும் எளிமையான உபாயம். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, முதல் வேளை ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே சிறுநீரை எடுத்துவிட வேண்டும். வீட்டில் இருந்த அரை பாட்டிலில் ஒரு மூடி கொடுத்துவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், கிருமி தட்டில் வளராமல் ஒளிந்துகொள்ளும். வியாதியோ உள்ளே இருக்கும். டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து எழுத வேண்டியதுதான்.

மற்றொன்று, எடுக்கிற முறை. ஐந்து வயதுக் குழந்தையானால் வெறும் தண்ணீரில் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை ஆஸ்பத்திரியில் கொடுத்த சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் சோதனைச் சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம், ஐஸ் கட்டும் அறையில் அல்ல. காலையில் எடுத்ததை மத்தியானம் வரை வெயிலில் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால், வழியிலேயே கிருமி பெருகிப் பொய்ச் சாட்சி சொல்லும். கைக்குழந்தைக்குப் பை ஒட்டிப் பிடிப்பதிலும் இந்தக் கஷ்டம் உண்டு. தோலில் உள்ள கிருமியெல்லாம் கலந்துவிடும். அதனால் சிறு குழாய் விட்டு எடுக்கலாமா என்று டாக்டர் கேட்டால் பயப்படாதீர்கள். ஒரு நிமிஷ அழுகை, அவ்வளவுதான். வேறொரு தந்திரமும் சொல்கிறார்கள்: குளிர்ந்த ஈரத் துணியால் அடிவயிற்றை மெள்ளத் தேய்த்தால் பல குழந்தைகள் சில நிமிஷங்களில் தாமாகவே பெய்துவிடும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் டாக்டர்கள் இதைச் சோதித்து 2017-ல் எழுதினார்கள். நம் பாட்டிமார் குளிப்பாட்டும்போதே கண்ட உண்மை என்று நீங்கள் சிரிக்கலாம்.

சோதனைக்கு வெகுதூரம் போக வேண்டுமோ என்றால், இந்தக் கொம்யூன்கள் விஷயத்தில் அதுதான் இல்லை. ஜிப்மரின் பூர்வீகம் 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளி. அதன் கிராம சுகாதார நிலையம் வில்லியனூர்ப் பக்கம் இராமநாதபுரத்தில் இருக்கிறது. பிள்ளையார்குப்பம், தொண்டமாநத்தம், துத்திப்பட்டு ஆகிய ஊர்களும் அதன் பொறுப்பில். பாகூர்ப் பக்கமோ இன்னொரு பிள்ளையார்குப்பத்திலும், கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. (பிள்ளையார் இல்லாத ஊர் ஏது? வழி கேட்கும்போது எந்தப் பிள்ளையார்குப்பம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.) நெல் வயலுக்கு இத்தனை அருகில் கல்சர் செய்கிற இடம் இருப்பது பாக்கியம். ஆனாலும் முக்குக் கடை இன்னும் அருகில். அங்கே வரிசை இல்லை, கூலி நஷ்டம் இல்லை. அந்தத் தாயாரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. மாலையிலும் திறந்திருக்கும் சுகாதார நிலையம் அவளுக்குத் தேவை.

சட்டம் இல்லாமலில்லை. 2014 மார்ச் முதல் 'எச்1' பட்டியல் என்று ஒன்று அமுலில் இருக்கிறது. செஃபிக்சிம் போன்ற மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் குறித்து 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையின் மேல் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள் என்று 2016-ல் மத்திய அரசு பிரசாரமும் செய்தது. சிவப்புக் கோட்டை இன்றைக்கே உங்கள் மருந்து டப்பாவில் தேடிப் பாருங்கள்.

எத்தனை நாள் மருந்து கொடுப்பது? "முழுக் கோர்ஸும் முடி" என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். இப்போது டாக்டர்களுக்குள்ளேயே இதில் விவாதம். சில வியாதிகளுக்குக் குறைந்த நாளே போதும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. நமக்கு அந்த வழக்கு வேண்டாம். டாக்டர் சீட்டில் எழுதிய நாள் எதுவோ அதுவே கணக்கு. மூன்றாம் நாள் ஜுரம் இறங்கியதும் நிறுத்துவதும் தப்பு, மிச்சம் இருக்கிறதே என்று நீட்டுவதும் தப்பு. மிச்சமானதைக் கொட்டிக் கவிழ்க்காமல் கடைக்காரரிடமோ ஆஸ்பத்திரியிலோ திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று விசாரியுங்கள்.

வியாதியே வராமல் பார்த்துக்கொண்டால் மருந்துச் சண்டைக்கே இடமில்லை. மலச்சிக்கல் உள்ள குழந்தைக்குச் சிறுநீர்த் தொல்லை திரும்பத் திரும்ப வரும். இதை ரொம்பப் பேர் சம்பந்தப்படுத்திப் பார்ப்பதில்லை. கீரையும் பழமும் தண்ணீரும் இங்கே பாதி வைத்தியம். பள்ளிக்கூடத்தில் கழிப்பிடம் சரியில்லையென்று காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டு வருகிற பெண் குழந்தைகள் எத்தனை பேர்! உங்கள் மகளைக் கேட்டுப் பாருங்கள். பதில் பிடிக்காவிட்டால் தலைமையாசிரியரைக் கேளுங்கள். கழுவிவிடும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். ஆண் குழந்தைக்கு முன்தோலைப் பலவந்தமாகத் தள்ளாதீர்கள். அவன் சிறுநீர் கழிக்கும்போது தாரை மெலிந்து சொட்டுச் சொட்டாக விழுந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பாதையில் பிறவியிலேயே அடைப்பு இருக்கக்கூடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஜுரம் கண்டால் காரணம் தேடி வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம், இரவானாலும் ஆஸ்பத்திரிதான்.

கல்சர் முடிவு வந்ததும் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் மருந்துகளின் பெயருக்கு எதிரே 'எஸ்' என்றும் 'ஆர்' என்றும் எழுத்துக்கள் இருக்கும். 'எஸ்' என்றால் கிருமி அந்த மருந்துக்கு மசியும். 'ஆர்' என்றால் மசியாது. குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு அதையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். அம்மா வீட்டுக்கோ திருவிழாவுக்கோ போன இடத்தில் ஜுரம் வந்து, புது டாக்டர் "போன தடவை என்ன மருந்து கொடுத்தார்கள்?" என்று கேட்கும்போது, "ஏதோ வெள்ளையாக இருந்ததுங்க" என்று சொல்வதற்குப் பதிலாக உறையைப் பிரித்து நீட்டலாம்.